ஏழாம் பாத்தி மூஞ்சிப்பூக்கள்

இந்தக் கதையை நான் இருபத்தாறு வருடங்களாக நம்பாமல் இருந்தேன். நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. எனக்கு இதைச் சொன்னவள் என் மனைவி குணவதி. கல்யாணமான முதல் மாதத்தில், பனிமூட்டம் விலகாத ஒரு பகலில், அவரைக்காய்க்கு நார் எடுத்தபடி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பதைச் சொல்வது போலச் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி கடைசியில், பூங்காவில் பாத்திகளைப் பிடுங்க ஆரம்பிக்கும்போது, ஏதாவது ஒரு சாக்கில் அதை அவள் மறுபடி சொல்லும்படி செய்துவிடுவேன். அவளும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்வாள். மாறியது ஒன்றே ஒன்றுதான். முதல் வருடங்களில் ‘ஆறுச்சாமியண்ணன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், எந்த வருடத்திலிருந்தோ ‘அவரு’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். இதையெல்லாம் கவனித்து வைத்திருப்பவன் எப்படிப்பட்ட மனிதன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதுண்டு. கிடைத்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கீழ்மந்து மலையூர். ஒரு கடைத்தெரு, ஒரு பேருந்து நிலையம், ஒரு மாதா கோயில், ஒரு மாரியம்மன் கோயில், அரசாங்கப் பூங்கா ஒன்று. புரட்டாசியோடு இரண்டாவது சீசன் முடிந்து, வெளியூர்க் கூட்டம் மலையிறங்கிப் போய், மேகம் புல்வெளி மேலேயே உட்கார ஆரம்பிக்கும் நாட்களில், பூங்காவின் பன்னிரண்டு பாத்திகளிலும் செண்டுமல்லி கறுத்துத் தலை கவிழ்ந்திருக்கும். சால்வியா நார் நாராகிவிட்டிருக்கும். டேலியா தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் சேற்றில் படுத்திருக்கும். அப்போதுதான் பிடுங்கும் வேலை தொடங்கும். செடிகளை வேரோடு பிடுங்கி மண்ணை உதறி, டேலியாக் கிழங்குகளை நிழலில் உலர்த்தி மணலில் புதைத்து வைத்து, பாத்தியை முழங்கை ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, பழைய வேர்களை நூல் நூலாகப் பொறுக்கி எறிந்து, மக்கிய சாணத்தைக் கலந்து, கயிறு கட்டி ஓரத்தைச் செதுக்கி, மேல்மண்ணைக் கையால் தடவிச் சமன் செய்த பிறகு, நாற்று நடும் நாள் வரும்.

நாற்று நடுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. கொத்திப் புரட்டிய மண்ணை யாரும் மிதிக்கக் கூடாது என்பதால், பாத்திக்கு இருபுறமும் செங்கல் அடுக்கி, குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டு, அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு பேர் முட்டி போட்டு உட்காருவார்கள். ஒருவர் கூர்க்குச்சியால் குழி போட, மற்றவர் நாற்றை இறக்கிக் கட்டைவிரலால் மண்ணை அழுத்துவார். செங்கலைத் தாண்டிப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஒருவர் திடீரென்று எழுந்தால் மற்றவர் சரிந்து பாத்திக்குள் விழுவார். ஆகவே எழுவதற்கு முன்னால் ‘எந்திரிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். இப்படி உட்காருகிறவர்களுக்குப் பலகை ஜோடி என்று பெயர். ஒரு பாத்திக்கு உட்கார்ந்த ஜோடியை அந்தப் பாத்தி பூக்கும்வரை பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் வேர் பிடிக்காது என்று பெஞ்சமின் மேஸ்திரி சொல்வார். அவர் அங்கே முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர், ஆகவே அது அப்படித்தான்.

என் மனைவி இன்றைக்கும் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போது, ‘எந்திரிக்கிறேனுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் எழுகிறாள். எங்கள் வீட்டுப் பெஞ்சு சிமெண்டுப் பெஞ்சு. யார் எழுந்தாலும் அது சரியாது.

நான் அந்த ஊருக்கு வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய ஐப்பசியில், ஏழாம் பாத்திக்கு மேஸ்திரி போட்ட பலகை ஜோடி, ஆறுச்சாமியும் குணவதியும். ஆறுச்சாமிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நிரந்தர வேலைக்காரர், அதிகம் பேசாதவர், அவர் போட்ட குழிகள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே ஆழத்தில் இருக்கும் என்பார்கள். குணவதி இருபத்திரண்டு வயது தினக்கூலி. ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாவும் அதே பூங்காவில்தான் வேலை செய்தாள். மேட்டிலிருந்த கண்ணாடிக் கொட்டகையில் விதை போட்டு, முளைத்ததைத் தட்டு தட்டாகப் பிரித்து நாற்றாக்கிக் கீழே அனுப்புவது அவள் வேலை. கொட்டகையிலிருந்து பார்த்தால் ஏழாம் பாத்தி நேர் கீழே தெரியும். தினமும் பார்த்தாள். பலகையின் ஒரு முனையில் அவள் புருஷன், மறு முனையில் குணவதி, நடுவில் மூன்று முழம் காற்று.

அந்த வருடம் ஏழாம் பாத்தியில் நட்டது பேன்சி. பூவுக்கு நடுவில் கறுப்பாக இரண்டு கண்ணும் ஒரு வாயும் எழுதின மாதிரி இருப்பதால் பூங்கா ஆட்கள் அதை மூஞ்சிப்பூ என்பார்கள். கார்த்திகையில் பனி இறங்கியபோது மிலாறு என்ற புதர்ச்செடியின் கொப்புகளை வெட்டி வந்து, பனி படாமல் மேலே கூரை மாதிரி செருகி வைத்தார்கள். தை பிறந்ததும் எடுத்தார்கள். எடுத்த அன்று காலையில், கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருக்க, ஏழாம் பாத்தியின் நானூறு பூக்களும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி இருந்த மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. தொட்டியருகே குணவதி பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிரப்பிய வாளியோடு நடந்து பாத்தியைச் சுற்றி வந்தபோது, இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பில் பிள்ளைகள் திரும்புவது மாதிரி, நானூறு முகங்களும் மெதுவாக அவளோடு திரும்பின.

பெஞ்சமின் மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். “புள்ள, அப்புடியே ரோஜாத் தோட்டம் வரைக்கும் நடந்து போ,” என்றார். போனாள். “இப்ப வா.” வந்தாள். பூக்கள் போய்விட்டு வந்தன.

“வேர் நல்லாப் புடிச்சிருக்கு,” என்றார் மேஸ்திரி. வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

ஒரு வாரத்துக்குள் அது ஊர் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. குணவதி எங்கே என்று யாராவது கேட்டால், ஏழாம் பாத்தியைப் போய்ப் பார் என்று பதில் வரும்; பார்த்துவிட்டு, கேண்டீனில் இருக்கிறாள், கக்கூஸ் பக்கம் போயிருக்கிறாள், இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். அவள் சித்தி மகள் கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் போனபோது, பேருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பத் திரும்பப் பூக்களும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, கடைசியில் மூன்று நாள் மலையடிவாரத்தைப் பார்த்துக் கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தன. செடி வாடுகிறது என்று சூப்பிரண்டு அவளுக்கு ஆள் அனுப்பி, விடுப்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது, அதே சூப்பிரண்டு, மேடைக்குப் பின்னால் துணி கட்டி, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு குணவதியை உட்காரவைத்தார். தினக்கூலி ஒருத்திக்குப் பூங்காவில் நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. பூக்கள் எல்லாம் மேடையையே பார்ப்பதைக் கண்ட அதிகாரி, ஒழுங்கு என்றால் இதுதான் என்று பாராட்டிவிட்டு, மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார். குணவதி நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

பூ ஏன் திரும்புகிறது என்று கீழ்மந்தில் யாரும் கேட்கவில்லை. யாருக்காகத் திரும்புகிறது என்றுதான் கேட்டார்கள். நட்டவர் மனசு எந்தப் பக்கமோ பூவும் அந்தப் பக்கம் என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நட்டவர்கள் இரண்டு பேர். தன்னைத் தானே யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் குணவதியைக் கழித்துவிட்டார்கள். மிஞ்சியது குழி போட்டவர்.

அந்த மாசியில் ஊரில் வீட்டு வாசல்களிலிருந்த பூந்தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புருஷன்மார் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பெண்டாட்டிமார் நிறுத்தினார்கள். முப்பது வருடம் ரோஜா வளர்த்த ஒரு தபால்காரர், தன் செடிகளை எல்லாம் மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். டீக்கடையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து, “என்ன மாப்ளே, உன்ற கத்திரிச் செடி எந்த வீட்டப் பாக்குது?” என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆறுச்சாமி உள்ளே வந்தால் சிரிப்பு நின்று, யாராவது ஒருவர் நகர்ந்து அவருக்கு இடம் விடுவார்கள். அந்த இடம்தான் அவருக்குச் சிரிப்பைவிட அதிகமாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைக் குணவதி சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. அவருக்கு எங்கே வலித்திருக்கும் என்று என்னளவுக்கு யோசித்தவர்கள் அந்த ஊரில் இருக்க மாட்டார்கள்.

மயிலாத்தா புருஷனிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். கொட்டகை வாசலில், நாற்றுத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கேட்கும்படியாகவே கேட்டாள்.

“குழி போட்டப்ப என்ன நெனச்சீங்க?”

“குழி ஆழத்த நெனச்சேன்,” என்றார் ஆறுச்சாமி.

“நானூறு குழிக்குமா?”

“ஒவ்வொண்ணுக்கும் நெனைக்கோணுமல்ல.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “அப்பச் சரி. வர்ற ஐப்பசியில அந்தப் பாத்திய நானே புடுங்கறேன், நானே கொத்தறேன், நானே குழி போட்டு நானே நடறேன். உங்க வெரலு அதுல படக் கூடாது. அதுக்கப்பறமும் பூவு அவளப் பாத்துதுன்னா, உங்க மேல தப்பில்லீன்னு ஆகிப்போவும், நான் என்ற பொட்டியத் தூக்கிட்டு காரமடைக்குப் பொறந்தவன் ஊட்டுக்குப் போயிருவேன். பாக்காமப் போச்சுன்னா, உங்க கையிலதான் கோளாறுன்னு ஆகிப்போவும். அப்ப நீங்க போயிருங்க.”

ஆறுச்சாமி யோசித்துவிட்டு, “நான் எங்க போறது?” என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படியாக எப்படிப் பூத்தாலும் ஒருவர் வெளியேறியாக வேண்டும் என்ற நிலையில் ஒரு குடும்பம் எட்டு மாதம் இருந்தது. ஒரே வீட்டில் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், ஒரே பாதையில் வேலைக்கு நடந்தார்கள். ஊர் காத்திருந்தது. ஐப்பசி வந்தது. வெயிலும் பனியும் தின்று மிச்சம் வைத்த பழைய செடிகளை மயிலாத்தா ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்கும்போதும் அவை குணவதி நின்ற பக்கமே தலையைச் சாய்த்தன என்கிறாள் குணவதி. பதினொரு நாள் அந்த ஒரு பாத்தியை மட்டும் செய்தாள். மண்ணை மூன்று தடவை சல்லடையில் சலித்தாள். தன் புருஷன் குழி போட்ட மண் என்று மேல்மண்ணை அள்ளி வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு, மேட்டிலிருந்து புதுமண்ணைத் தலையில் சுமந்து வந்தாள். பலகைக்கு ஜோடி வேண்டுமே என்று மேஸ்திரி சொன்னதற்கு, மறுமுனையில் ஒரு சாக்கு நிறையக் கல்லைக் கட்டி வைத்தாள்.

குணவதிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கிட்டே போயிருக்கிறாள்.

“அக்கா, நாத்தாவது எடுத்துக் குடுக்கட்டுமா?”

“வேண்டாம் அம்மிணி. நீ தூரமாவே நில்லு.”

“நான் என்னக்கா பண்ணுனேன்?”

“ஒண்ணும் பண்ணுல. அதானே. ஒண்ணுமே பண்ணாம உனக்கு எல்லாமே திரும்பிப் பாக்குது. நான் பதினாறு வருசமா அந்த மனுசனுக்குச் சோறாக்கறேன், அந்தக் கொட்டகையில ஒரு புல்லு என்னத் திரும்பிப் பாத்திருக்குமா?” சொல்லிவிட்டு, குச்சியை மண்ணில் குத்தினாள். “நீ இன்னைக்குச் செவப்பு ரவிக்கை போட்டிருக்கற. நேத்து பச்சை. முந்தாநேத்து கையில கிழிஞ்சத வெள்ளை நூல்ல தெச்சிருந்த. போ, வேலையப் பாரு.”

குணவதி போய்விட்டாள். தன் ரவிக்கைக் கிழிசல்வரை மயிலாத்தா பார்த்து வைத்திருந்தது அவளுக்கு அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு, கேட்ட முதல் நாளே உறைத்தது. ஒரே மாதிரி ஆட்கள் ஒருவரையொருவர் எப்படியோ அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

தையில் கொப்புகளை எடுத்த அன்று காலையில் பூங்கா வாசலில் ஊரே நின்றது. ஆறுச்சாமி தன் சாமான்களை ஒரு பையில் கட்டி மரத்தடியில் வைத்திருந்தார். வீட்டில் மயிலாத்தாவின் தகரப் பெட்டியும் பூட்டித் தயாராக இருந்தது. மேஸ்திரி கடைசிக் கொப்பை எடுத்தார். பூக்கள் எல்லாம் வாசலைப் பார்த்தன. குணவதி இன்னும் வந்திருக்கவில்லை. கடைத்தெரு திருப்பத்தில் வந்துகொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்கு ஒரு கணம் முன்னாலேயே பூக்கள் திரும்பின. போன வருடம் அவள் பின்னால் போனவை, இந்த வருடம் அவளுக்கு முன்னால் போய் அவள் வரப்போகும் இடத்தில் காத்து நின்றன. காம்பை நீட்டி, எட்டி, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பார்த்தன. சில பூக்கள் பார்த்த வேகத்தில் கழுத்து முறிந்து விழுந்தன. விழுந்தவையும் தரையில் கிடந்தபடி அவளைப் பார்த்தன.

பெஞ்சமின் மேஸ்திரிதான், பனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சாதாரண வேலை விஷயம் கேட்பது போல, “போன வருசம் ஏழாம் பாத்திக்கு நாத்து விட்டது யாரு?” என்று கேட்டார்.

எல்லாருடைய தலையும் மேட்டிலிருந்த கண்ணாடிக் கொட்டகைப் பக்கம் திரும்பி, அங்கிருந்து இறங்கி, மயிலாத்தாவிடம் வந்து நின்றது. நட்டவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஊர், அந்த நானூறு செடிகளும் நடுவதற்கு முன் நாற்பது நாள் யார் கையில் இருந்தன என்று ஒரு வருடமாக யோசிக்கவே இல்லை.

“நாந்தானுங்க,” என்றாள் மயிலாத்தா. அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள். “அப்ப நாந்தானா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

பேச்சு பேச்சுதான் என்று அவள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். ஆறுச்சாமி பின்னாலேயே போய்ப் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். மூன்று பேருந்து வந்து போயிற்று. நாலாவது பேருந்து வருமுன், பெட்டி கனக்கிறது, வா வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்கிறாள் குணவதி. வந்துவிட்டார்கள். டீக்கடையில் அவருக்கு யாரும் தனியாக இடம் விடுவது நின்றது. தொட்டிகள் வாசலுக்குத் திரும்பி வந்தன. தபால்காரர் மட்டும் ரோஜாக்களைத் திருப்பிக் கேட்கவில்லை.

கதை இங்கே ஊருக்கு முடிந்துவிட்டது. எனக்கு இங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வருடம் ஐப்பசியில் நான் கால்நடை மருந்தகத்துக்குக் கம்பவுண்டராக மாற்றலாகி வந்தேன். நான் வந்த வாரம் ஏழாம் பாத்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். குப்பைக் குவியலில் கிடந்த செடிகளின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது நினைவிருக்கிறது, காற்றாகவும் இருக்கலாம். பெஞ்சமின் மேஸ்திரி பேசி முடித்துத் தையில் எனக்கும் குணவதிக்கும் கல்யாணம். அவள் பூங்கா வேலையை விட்டுவிட்டாள். மயிலாத்தா வந்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு பச்சை ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மயிலாத்தா அவளைப் பார்த்தாள் என்பது இரண்டாம் வருடத்துக்குச் சரி. முதல் வருடம் நாற்று மயிலாத்தாவுடையது. ஆனால் குழி ஆறுச்சாமியுடையது. ஒருத்தி பார்த்தாள் என்று தெரிந்ததால் மற்றவர் பார்க்கவில்லை என்று எப்படி ஆகும்? நானூறு பூவில் இருநூறு மயிலாத்தாவுடையது, இருநூறு அவருடையது என்று இருந்திருக்கக் கூடாதா? இதை நான் மாட்டுக்கு ஊசி போடும்போதும், நடந்து வீடு திரும்பும்போதும், எங்கள் மகள் பிறந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போதும் யோசித்திருக்கிறேன். முடிந்தவரை இந்தக் கதையே நடக்கவில்லை என்று நம்பப் பார்த்தேன். பூ திரும்பவில்லை என்றால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆகவே நம்பாமல் இருப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, சரிவில், ஆறுச்சாமியின் வீடு. அவர் பசுவுக்குக் காணை நோய் வந்து வாயெல்லாம் புண்ணானபோது மூன்று நாள் நான்தான் போய் வாயைப் பிடித்துத் திறந்து மருந்து ஊற்றினேன். மாட்டின் கழுத்தை அவர் பிடித்துக்கொண்டார். “பாப்பா சௌக்கியமுங்களா?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நான் யோசித்துத் தெளிவதற்குள் மாடு என்னை உதைத்தது. அவர் கேட்டது என் மகளை.

மூன்று வருடத்துக்கு முன் மயிலாத்தா இறந்துபோனாள். அதற்குப் பிறகு செவ்வாய், வெள்ளிகளில் குணவதி தூக்குப்போசியில் குழம்பு ஊற்றி, “பாவம், தனியா ஆக்கித் தின்னுட்டிருக்கறாரு,” என்று அவருக்குக் கொடுத்து வருவாள். தூக்குப்போசி கழுவித் துடைத்துத் திரும்பி வரும். ஒரு தடவைகூட அது வெறுமனே வரவில்லை. இரண்டு பேரிக்காய், ஒரு பிடி பீன்ஸ், ஒரு தடவை நாலு முட்டை.

போன ஐப்பசியில், ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கும்போது, என் வீட்டு முன்னாலிருந்த சின்னப் பாத்தியை நானே பிடுங்கினேன். குணவதி போட்டிருந்த செண்டுமல்லி முழுவதும் கறுத்துப் போயிருந்தது. அதைப் பிடுங்கி உதறி, கொத்தி, வேர் பொறுக்கி, சாணம் கலந்து, ஓரம் செதுக்கினேன். நாற்று யார் கையும் படாததாக இருக்க வேண்டும் என்று விதை வாங்கி, மருந்தகத்தின் பின்னறையில் தட்டில் நானே முளைக்க வைத்திருந்தேன். முப்பது பேன்சி. வீட்டையும் அடுப்படி சன்னலையும் அவளையும் பார்க்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். இருபத்தாறு வருடமாக என் மனசு அவளைத் தவிர வேறு பக்கம் போனதில்லை. அதை ஒரு தடவையாவது வெளியே பூக்கவிட்டு அவளுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

குணவதி துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள்.

“பலகை போட்டுக்குங்க. மிதிச்சா மண்ணு இறுகிப்போவும்.”

“போட்டுக்கறேன்.”

“ஒத்தையா உக்காந்தா சாயுமுங்க. நான் வேணா மறுபக்கம் உக்காரட்டுங்களா?”

“வேண்டாம். கல்லு வெச்சுக்கறேன்.”

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் கல்லைத் தூக்கி வைத்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

தையில் கொப்பை எடுத்தேன். முப்பது பூக்களும் அடுப்படி சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலி இடுக்கு வழியாகக் கீழே பார்த்தன. கீழே ஆறுச்சாமியின் தகரக் கூரை. கதவு திறந்தது, கிழவர் பால் வாங்கப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். முப்பது முகங்களும் அவரோடு சரிவில் இறங்கி, திருப்பத்தில் திரும்பி, அவர் பாலை வாங்கிக்கொண்டு வரும்வரை அங்கேயே நின்று, அவரோடு திரும்பி வந்தன. ஒரு பூ கழுத்து முறிந்து விழுந்தது.

கதை உண்மை. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அது எனக்கு நிரூபணமாயிற்று. நான் பனியே இல்லாத வெயிலில் மறுபடி கொப்புகளைச் செருகி மூடினேன். நாலு நாள் மூடியே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் நான் மருந்தகத்திலிருந்து காலை வேலை முடித்து வந்தபோது கொப்புகள் எல்லாம் சுவரோரம் அடுக்கியிருந்தன. குணவதி சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கிழவர் கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பூக்கள் அவர் கை போகும் பக்கமெல்லாம் போயின.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“மூடி வெச்சா அழுகிப்போயிருமுங்க,” என்றாள்.

“தெரியும்.”

“எத்தனை வருசமா?”

அவள் விரலை நீட்டி ஒரு பூவின் மோவாயைத் தொட்டு வீட்டுப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி சரிவைப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவதா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“அச்சு அசலா மயிலாத்தாக்கா கையேதான் உங்களுக்கும்,” என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. தூக்குப்போசி கழுவிக் கவிழ்த்தபடி அவள் காலடியில் இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, “எந்திரிக்கிறேனுங்க,” என்றாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டுப் பழகிய கேள்வி, குழியைப் பற்றியது, நாற்றைப் பற்றியது, இருநூறு இருநூறு என்று பங்கு போட்டது, அத்தனையும் மறந்துவிட்டது. நான் கேட்டது இதுதான்:

“அந்த ரெண்டு வருஷமும் அத்தனை பூவும் உன்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சே குணா, அப்ப நீ யாரைப் பார்த்துக்கிட்டு இருந்தே?”